விண்டோஸை விட்டு லினக்ஸுக்கு மாறிய வீட்டுக் கணினி: அறிகுறி கண்டு பிழை நீக்கும் முறை

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 ஐ நிறுவ டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் செயலியென்றால் பொதுவாக எட்டாம் தலைமுறைக்குக் குறையாததும் வேண்டும் என்பதால், பத்து ஆண்டுகளுக்கு முன் வாங்கி இன்னும் திடமாக இருக்கும் கணினிகளுக்கு அங்கே இடமில்லை. வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கும் தொடர்மாடியில் மட்டும் இத்தகைய ஏழு கணினிகளை, இலவச லினக்ஸ் இயங்குதளங்களில் ஒன்றான லினக்ஸ் மின்டுக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறேன். மாற்றிய வேலையை விட, மாற்றிய பின் வந்த தொலைபேசி அழைப்புகளே அதிகம். கீழே உள்ளவை அந்த அழைப்புகளில் நான் கேட்ட அறிகுறிகள்.

அவற்றைத் திரும்பிப் பார்க்கையில், பிழைகளிற் பெரும்பகுதி புதிய இயங்குதளத்தில் இருக்கவில்லை. பழைய இயங்குதளம் விட்டுச்சென்ற அமைப்புகளிலும், கணினி துவங்குமுன் இயங்கும் அடிப்படை நிரலான, யாரும் திறந்து பாராத பயோஸிலும், சில வேளைகளில் சுவரிலுள்ள மின்செருகியிலும் இருந்தது. ஆகவே கோளாறு என்றவுடன் எல்லாவற்றையும் அழித்துவிட்டு மீண்டும் நிறுவுவது, எல்லோரும் முதலிற் கையிலெடுப்பதும் அநேகமாகப் பலிக்காததுமான வைத்தியம். மீண்டும் நிறுவினாலும் பயோஸ் அமைப்பு அப்படியேதான் இருக்கும். அதே பிழை அதே இடத்தில் வரும்.

இங்கே சொல்லப்படுவன உபுண்டு என்ற மற்றொரு லினக்ஸின் 24.04 பதிப்பை அடித்தளமாகக் கொண்டதும் 2029 வரை ஆதரவுள்ளதுமான லினக்ஸ் மின்ட் 22 வரிசையை மனத்தில் வைத்து எழுதியவை. உபுண்டுவுக்கும் பெரும்பாலும் பொருந்தும். கட்டளைகளை ஒலிப்பின்படி தந்துள்ளேன். முனையத்தில், அதாவது கட்டளைகளை இடும் சாளரத்தில், அவற்றைச் சிறிய ஆங்கில எழுத்துகளில் தட்டெழுத வேண்டும். எந்தப் பிழைச் செய்தி வந்தாலும் உடனே அணைத்துவிடாமல் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். "ஏதோ இங்கிலிஷில வந்துது, பிறகு போயிட்டுது" என்ற விவரிப்பைக் கொண்டு யாராலும் எதையும் கண்டுபிடிக்க முடியாது.

விண்டோஸ் இன்னும் இருக்கும்போதே செய்ய வேண்டியவை

முதலாவது, பின்காப்பு. புகைப்படங்களையும் ஆவணங்களையும் வெளிவட்டிலோ பென் டிரைவிலோ நகலெடுத்த பின், அதைக் கழற்றி வேறொரு கணினியிற் செருகி, முதலில் நகலான கோப்புகளை மட்டுமல்ல, கடைசியாக நகலானவற்றையும் திறந்து பாருங்கள். நடைபாதையில் மலிவாக வாங்கிய 128 ஜிபி பென் டிரைவ் ஒன்று, உண்மையில் அதன் பத்திலொரு பங்கைக்கூடக் கொள்ளாத போலி என்பதை நான் மிகப் பிந்தித்தான் அறிந்தேன். இத்தகைய போலிகள் நகலெடுக்கும்போது எந்த முறைப்பாடும் செய்வதில்லை. கோப்புகளின் பெயர்கள் வரிசையாகத் தெரியும், திறந்தால் உள்ளே ஒன்றுமிராது. ஒரு மைத்துனரின் மூன்று ஆண்டுப் படங்கள் அப்படிப் போயின. லினக்ஸில் எஃப்3 என்ற சிறு கருவி உள்ளது. அது பென் டிரைவ் முழுவதிலும் எழுதித் திரும்ப வாசித்து உண்மைக் கொள்ளளவைக் காட்டிவிடும்.

இரண்டாவது, விண்டோஸின் வட்டு மறையாக்க வசதியான பிட்லொக்கர். சில மடிக்கணினிகளில், குறிப்பாக விண்டோஸ் 11 உடன் வந்தவற்றில், உரிமையாளருக்கே தெரியாமல் வட்டு மறையாக்கம் செய்யப்பட்டிருக்கும். விண்டோஸையும் வைத்துக்கொண்டு அருகில் லினக்ஸை நிறுவ நினைப்பவர்கள், 48 இலக்க மீட்புத் திறவுகோலைத் தமது மைக்ரோசொஃப்ட் கணக்கிலிருந்து எடுத்துத் தாளில் எழுதி வைத்துக்கொள்வது அவசியம். மூன்றாவது, மின்சக்தித் தெரிவுகளிலுள்ள விரைவுத் தொடக்கம் என்ற வசதியை நிறுத்தி வைப்பது. அதற்கான காரணம் பின்னால் வருகிறது.

அறிகுறி: பென் டிரைவைச் செருகியும் கணினி விண்டோஸுக்கே போகிறது

லினக்ஸை நிறுவுவதற்காகப் பதிவிறக்கும் ஐஎஸ்ஓ கோப்பைப் பென் டிரைவுக்குள் இழுத்துப் போட்டால் அது துவக்க வட்டாக மாறாது. ரூஃபஸ், பலேனா எட்சர் போன்ற கருவிகளில் ஒன்றால் அதை எழுத வேண்டும். எழுதி முடித்தவுடன் விண்டோஸ் சில வேளை "இந்த வட்டை வாசிக்க முடியவில்லை, ஃபோர்மட் செய்யவா?" என்று கேட்கும். விண்டோஸுக்குப் புரியாத அமைப்பில் எழுதப்பட்டிருப்பதால் கேட்கிறதே தவிர, பென் டிரைவில் பிழையில்லை. அக்கறையோடு ஆம் என்று அழுத்திவிட்டு, மூன்று முறை எழுதியும் சரிவரவில்லை என்று வந்த மாணவர் ஒருவரை எனக்குத் தெரியும். இரத்துச் செய்துவிட்டுக் கழற்றினாற் போதும்.

சரியாக எழுதியும் துவங்கவில்லை என்றால், துவக்கப் பட்டியை அழைக்கும் விசை தவறியிருக்கும். கணினியை இயக்கியவுடன் டெல், லெனோவோ ஆகியவற்றிற் பொதுவாக எஃப்12, எச்பியில் எஃப்9, ஏசஸ் மடிக்கணினிகளில் எஸ்கேப் விசையை விட்டுவிட்டுத் தட்ட வேண்டும். ஏசரிலும் எஃப்12 தான், ஆனால் பல மாதிரிகளில் அதை முதலில் பயோஸுக்குள் சென்று இயக்கிவிட வேண்டும்.

பென் டிரைவைக் கண்டபின் "எஸ்பேட்" என்ற சொல்லும் பாதுகாப்புக் கொள்கை மீறல் என்ற அறிவிப்பும் தோன்றிக் கணினி அணைந்துவிடுகிறதா? 2024 ஓகஸ்டில் வந்த விண்டோஸ் இற்றைப்படுத்தல் ஒன்று, பழைய துவக்க நிரல்களை நிராகரிக்கும்படி கணினிகளில், ஏற்கப்பட்ட கையொப்பமுள்ள நிரல்களை மட்டும் துவங்கவிடும் பாதுகாப்புத் துவக்க அமைப்பை மாற்றியது. அலுமாரியிற் கிடந்த பழைய லினக்ஸ் பென் டிரைவுகள் அதன்பின் வேலை செய்யாமற் போயின. அண்மைக்கால ஐஎஸ்ஓவைப் பதிவிறக்கி எழுதுவதே நேரான தீர்வு. அது ஏறத்தாழ 3 ஜிபி அளவு என்பதால், இரவு நேரத்துக்குத் தனி டேட்டா தரும் இணைப்புப் பொதி உள்ளவர்கள் நள்ளிரவுக்குப் பின் பதிவிறக்குவது நல்லது.

அறிகுறி: மின்டின் இலச்சினை தெரிகிறது, பிறகு திரை கறுத்துவிடுகிறது

என்விடியா வரைகலை அட்டை உள்ள கணினிகளில் இது வழமை. பென் டிரைவிலிருந்து துவங்கும் பட்டியில் இரண்டாவதாக இருக்கும் இணக்கப் பயன்முறையைத் தெரிவு செய்தால் பெரும்பாலும் திரை வந்துவிடும். நிறுவிய பின்னரும் இதே கறுப்பு வந்தால், கணினி துவங்கும்போது எஸ்கேப் விசையை, மிகப் பழைய கணினியென்றால் ஷிஃப்ட் விசையை, அழுத்தி, எந்த இயங்குதளம் துவங்க வேண்டும் என்று கேட்கும் க்ரப் பட்டியை வரவழைக்க வேண்டும். முதல் வரியில் நின்று ஆங்கில "ஈ" எழுத்தைத் தட்டினால் சில வரிகள் திறக்கும். லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் இறுதியில், "க்வயட் ஸ்ப்ளாஷ்" என்ற சொற்களுக்குப் பின் ஓர் இடைவெளி விட்டு, "நோமோட்செட்" என்பதை ஒரே சொல்லாகச் சேர்த்து எஃப்10 ஐ அழுத்துங்கள். இந்த மாற்றம் அந்த ஒரு துவக்கத்துக்கு மட்டுமே. உள்ளே நுழைந்ததும், வன்பொருளை இயங்கவைக்கும் மென்பொருளான இயக்கிகளுக்குரிய இயக்கி முகாமையாளரைத் திறந்து, பரிந்துரைக்கப்பட்டது என்று குறிக்கப்பட்டிருக்கும் என்விடியா இயக்கியை நிறுவினால் அதன்பின் இதைச் செய்ய வேண்டியதில்லை.

அறிகுறி: நிறுவும்போது வட்டே தெரியவில்லை

நிறுவியில் பென் டிரைவ் மட்டும் தெரிந்து, கணினியின் வட்டு தெரியாவிட்டால், வட்டு பழுது என்று முடிவு கட்டிப் பம்பலப்பிட்டி யுனிற்றி பிளாசாவுக்கு ஓட வேண்டியதில்லை. வட்டுகளை நிர்வகிக்கும், இன்டெல்லின் ஆர்எஸ்டி அல்லது விஎம்டி என்ற அமைப்பு இயங்கும் நிலையில் இருந்தால், வட்டு அதன் பின்னால் மறைந்து நிற்கும். பயோஸில் சேமிப்புப் பகுதிக்குச் சென்று அதை ஏஎச்சிஐ என்ற பொதுவான முறைக்கு மாற்றினால் வட்டு தெரியவரும்.

விண்டோஸை அழித்துவிடப் போகிறவர்களுக்கு இவ்வளவே போதும். வைத்துக்கொள்ளப் போகிறவர்கள் இதை நேரடியாகச் செய்தால் விண்டோஸ் நீலத்திரையுடன் நின்றுவிடும். அவர்கள் முதலில் விண்டோஸுக்குள் எம்எஸ்கொன்ஃபிக் கருவியில் பாதுகாப்புப் பயன்முறைத் துவக்கத்தைத் தெரிவு செய்து, கணினியை மறுதொடக்கி, பயோஸில் ஏஎச்சிஐயை அமைத்து, ஒருமுறை விண்டோஸைப் பாதுகாப்புப் பயன்முறையில் துவங்கவிட்டு, அதன்பின் அந்தத் தெரிவை நீக்க வேண்டும். அந்த ஒரு துவக்கத்தில் விண்டோஸ் தனக்குத் தேவையான இயக்கியை எடுத்துக்கொள்கிறது.

அறிகுறி: நிறுவல் முடிந்தது, ஆனால் நேரே விண்டோஸ் திறக்கிறது

துவக்க வரிசையில் விண்டோஸ் இன்னும் முதலில் நிற்கிறது என்பதே பெரும்பாலும் காரணம். பயோஸின் துவக்க வரிசையில் உபுண்டு என்ற பெயர் இருக்கும். மின்டும் அந்தப் பெயரிலேயே பதிவாவதால் திகைக்க வேண்டாம். அதை மேலே நகர்த்திச் சேமியுங்கள். அப்பெயரே இல்லையென்றால், பென் டிரைவிலிருந்து மீண்டும் துவங்கி, மின்டுடன் வரும் பூட் ரிப்பெயர் கருவியை இயக்கிப் பரிந்துரைக்கப்பட்ட திருத்தத்தைத் தெரிவு செய்யலாம். அதற்கு முன், பென் டிரைவும் விண்டோஸும் ஒரே துவக்க முறையில் உள்ளனவா என்று பாருங்கள். ஒன்று புதிய யூஇஎஃப்ஐ முறை, மற்றது பழைய லெகசி முறை என்றால் இரண்டும் ஒன்றையொன்று காணமாட்டா.

அறிகுறி: வைஃபை அடையாளமே இல்லை

வைஃபை இல்லாமல் இயக்கியைப் பதிவிறக்க முடியாது, இயக்கி இல்லாமல் வைஃபை வராது என்ற வட்டத்தில் பலர் அகப்பட்டு நிற்கிறார்கள். வெளியே வரும் வழி உங்கள் சட்டைப்பையில் உள்ளது. ஆண்ட்ராய்டு கைபேசியை யூஎஸ்பி கம்பியால் கணினியுடன் இணைத்து, கைபேசி அமைப்புகளில் ஹொட்ஸ்பொட் பகுதியில் யூஎஸ்பி டெதரிங்கை இயக்கினால், கணினி அதைக் கம்பிவழி இணைப்பாகவே எடுத்துக்கொள்ளும். எந்த இயக்கியும் தேவையில்லை. கைபேசி வீட்டு வைஃபையில் இருந்தால் அந்த இணைப்பே கணினிக்கும் வரும். கைபேசி டேட்டாவிற் செய்வதானால், இயக்கியை மட்டும் இறக்கிக்கொண்டு, இற்றைப்படுத்தல் முகாமையாளரை அன்றைக்குத் தொடாதிருங்கள். புதிதாக நிறுவிய கணினிக்கு அது நூற்றுக்கணக்கான எம்பி கேட்கும்.

பிறகு இயக்கி முகாமையாளரைத் திறந்தால், ப்ரோட்கொம் போன்ற சில்லுகளுக்குரிய இயக்கி பட்டியலில் இருக்கும். நிறுவிய பின்னரும் வைஃபை வரவில்லை என்றால் அநேகமாக நடந்தது இதுதான். பாதுகாப்புத் துவக்கம் இயங்கும் கணினியில், வெளியார் இயக்கி நிறுவப்படும்போது ஒரு கடவுச்சொல் கேட்கப்படும். மறுதொடக்கத்தில் நீலப் பின்னணியில் "எம்ஓகே" என்ற திறவுகோல் முகாமைத் திரையொன்று தோன்றி, பத்து வினாடிகளுக்குள் ஏதாவது விசையை அழுத்தாவிட்டால் தானாகப் போய்விடும். தேநீர் ஊற்ற எழுந்து போனவர் திரும்பி வருகையில் எல்லாம் முடிந்து, கையொப்பம் ஏற்கப்படாத இயக்கி முடங்கிக் கிடக்கும். அந்த இயக்கியை நீக்கி மீண்டும் நிறுவி, இம்முறை திரைக்கு முன்னாலேயே அமர்ந்திருந்து, "என்ரோல் எம்ஓகே" என்பதைத் தெரிவு செய்து முன்பு கொடுத்த கடவுச்சொல்லை இடுங்கள்.

அறிகுறி: விண்டோஸுக்குத் திரும்பினால் கடிகாரம் ஐந்தரை மணி பிந்துகிறது

இரவு 8 மணிக்கு லினக்ஸை மூடி விண்டோஸைத் திறந்தால் பிற்பகல் 2.30 என்று காட்டும். லினக்ஸ் கணினியின் உட்கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை எழுதுகிறது. விண்டோஸோ அங்கே இருப்பது உள்ளூர் நேரம் என்று கொள்கிறது. இலங்கை நேரம் பொது நேரத்துக்கு ஐந்தரை மணி முந்தியது என்பதால் சரியாக அவ்வளவு வித்தியாசம். முனையத்தில் "டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1" என்ற கட்டளையை இட்டால், லினக்ஸும் விண்டோஸின் வழக்கத்துக்கு இணங்கிவிடும்.

1996 இல் இந்நாட்டின் கடிகாரங்கள் முன்தள்ளப்பட்டு, அவ்வாண்டின் இறுதிப் பகுதியிலிருந்து 2006 ஏப்ரல் வரை பொது நேரத்துக்கு ஆறு மணி முந்தி ஓடியதை மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். லினக்ஸின் நேர வலயத் தரவில் அந்த வரலாறும் இருக்கிறது. அந்தக் காலத்துக் கோப்புகளின் நேரம் அரை மணி வேறுபட்டுத் தெரிந்தால் திருத்த முயல வேண்டாம்.

வித்தியாசம் ஐந்தரை மணி அல்லாமல் பல ஆண்டுகளாக இருந்து, எந்த இணையத்தளத்தைத் திறந்தாலும் பாதுகாப்பற்றது என்ற எச்சரிக்கை வந்தால், அது இயங்குதளப் பிழையன்று. தாய்ப்பலகையிலுள்ள சிஆர் 2032 நாணய மின்கலம் தீர்ந்துவிட்டது. புதிதாக ஒன்றை வாங்கிப் போடுங்கள்.

அறிகுறி: பழைய வட்டுக் கோப்புகளைத் திறக்க முடிகிறது, சேமிக்க முடியவில்லை

விரைவுத் தொடக்கத்தின் வேலை இது. விண்டோஸில் "மூடு" என்று கொடுத்தாலும் அது முழுமையாக மூடப்படாமல் பாதித் துயிலில் இருக்கும். லினக்ஸ் அந்த வட்டுப் பிரிவைப் பார்த்து, வேறொருவர் பாதி எழுதி வைத்த ஏட்டில் நாம் எழுதக்கூடாது என்று ஒதுங்கி, வாசிக்க மட்டும் இடம் தருகிறது. விண்டோஸுக்குச் சென்று விரைவுத் தொடக்கத்தை நிறுத்தி, ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி மூடுங்கள். விண்டோஸ் ஏற்கெனவே போய்விட்டதென்றால், வாசிக்க முடிகிற இந்நிலையிலேயே எல்லாவற்றையும் லினக்ஸ் பகுதிக்கு நகலெடுத்துவிட்டு, அந்தப் பிரிவை லினக்ஸுக்குரிய அமைப்பில் புதிதாக உருவாக்கிக்கொள்வது மேல்.

அறிகுறி: தமிழ் ஆவணம் ஆங்கிலக் குப்பையாகத் திறக்கிறது

கோயில் நிர்வாக சபைக்கு இருபது ஆண்டுகளாக அறிவித்தல் தட்டெழுதிக் கொடுக்கும் மூன்றாம் மாடி அன்ரி, கணினி மாற்றிய மறுநாள் காலையிலேயே கதவைத் தட்டினார். "தம்பி, என்ர திருவிழா நோட்டீசை எல்லாம் இது இங்கிலிஷாக்கிப் போட்டுது." திறந்து பார்த்தபோது தலைப்பில் "தமிழ்" என்ற சொல் இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் நின்றன. ஜே தகரம், கே மகரம், பி இகரக் குறி, ஓ ழகரம், அரைப்புள்ளி ஒற்று. பாமினி எழுத்துருவைப் பழகியவர்களுக்கு இந்த வரிசை கையிலேயே இருக்கும்.

பாமினி, எல்லா மொழிகளுக்கும் பொதுவான குறியாக்கமான யுனிகோடைப் பின்பற்றும் எழுத்துரு அன்று. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்த பழைய ஏற்பாடு அது. ஆவணத்துக்குள் எப்போதும் இருந்தது அந்த ஆங்கில எழுத்துகளே. விண்டோஸில் எழுத்துரு இருந்ததால் அவை தமிழாகத் தோன்றின. எனவே உடனடித் தீர்வு, பழைய கணினியின் பின்காப்பிலிருந்து பாமினி எழுத்துருக் கோப்பை எடுத்து, அதை இருமுறை சொடுக்கி நிறுவிக்கொள்வது. மின்டுடன் வரும் அலுவலக மென்பொருளான லிப்ரே ஒஃபிஸை மூடித் திறந்தால் திருவிழா மீண்டும் தமிழில் நடக்கும்.

நிலையான தீர்வு யுனிகோடுக்கு மாற்றுவது. அதற்கான இலவச மாற்றிகள் நிறைய உள்ளன. ஆனால் ஆவணம் முழுவதையும் ஒரே தடவையில் ஒட்டி மாற்றிவிடக்கூடாது: இடையிடையே உண்மையான ஆங்கிலத்தில் உள்ள முகவரி, மின்னஞ்சல், வங்கிப் பெயர் ஆகியவற்றையும் மாற்றி அர்த்தமற்ற தமிழாக்கிவிடும். அன்ரியின் நோட்டீசில் நன்கொடை செலுத்த வேண்டிய வங்கியின் பெயர் வாயில் நுழையாத ஒன்றாக மாறி, அச்சகம் வரை போய்த் திரும்பியது. பந்தி பந்தியாக மாற்றி, ஆங்கிலப் பகுதிகளைத் தவிர்ப்பதே நல்லது.

இனித் தட்டெழுதுதல். விசைப்பலகை அமைப்புகளில் இலங்கையின் கீழ் தமிழ்நெட் 99 தளக்கோலம் இரு வகையாக இருக்கும். டேப் குறியாக்கம் என்று பெயரில் உள்ளதை விடுத்து மற்றதைச் சேர்க்க வேண்டும். டேப் என்பதும் யுனிகோடுக்கு முந்திய பழைய ஏற்பாடே. தட்டச்சு இயந்திரத்திற் கைபழகிய எங்கள் அலுவலக எழுதுவினைஞர்கள் கேட்பது ரெங்கநாதன் தளக்கோலம். அது முதற்பட்டியலில் இல்லை என்பதால் லினக்ஸில் அது கிடையாது என்று சொல்லிவிடுகிறார்கள், தவறு. மென்பொருள் முகாமையாளரில் ஐபஸ் எம்17என் என்ற பொதியை நிறுவி, உள்ளீட்டு முறையாக ஐபஸ்ஸைத் தெரிவு செய்து, வெளியேறி மீண்டும் நுழைந்தால், தமிழின் கீழ் தமிழ் 99, ஒலிப்புமுறை ஆகியவற்றுடன் ரெங்கநாதனும் இருக்கும். வெளியேறி நுழையும் அந்தப் படியைத் தவறவிட்டவர்களுக்குத்தான் "சேர்த்தும் வேலை செய்யவில்லை" என்ற அறிகுறி வருகிறது.

லிப்ரே ஒஃபிஸில் பாணியைத் திருத்தி எழுத்தளவை 14 ஆக்கியும் தமிழ் எழுத்துகள் 12 இலேயே நின்றால், மொழி அமைப்புகளில் சிக்கலான எழுத்துத் தளக்கோலத்தை இயக்குங்கள். தமிழுக்குரிய எழுத்துருவும் அளவும் தனிப் பகுதியில் உள்ளன. மேலே மாற்றியது ஆங்கிலத்துக்கு மட்டுமே. விண்டோஸின் லதாவில் அமைத்த ஆவணம் வேறு எழுத்துருவில் திறக்கையில் பக்கங்கள் நீளலாம். கலிப்ரிக்குப் பதிலாக வரும் கார்லிட்டோ ஒரே அகலம் கொண்டதால் ஆங்கிலத்தில் இந்தச் சிக்கல் எழுவதில்லை. அச்சகத்துக்கு அனுப்புவதை எப்போதும் பிடிஎஃப் ஆக அனுப்புங்கள்.

அறிகுறி: அச்சுப்பொறி "முடிந்தது" என்கிறது, தாள் வரவில்லை

அண்மைய வலையமைப்பு அச்சுப்பொறிகள் தனி இயக்கியின்றியே வேலை செய்கின்றன. தொல்லை தருபவை பழைய சிறு லேசர்கள். எச்பியின் லேசர்ஜெட் 1020 போன்றவை தம்மை இயக்கும் உள் நிரலான ஃபேர்ம்வேரை நினைவில் வைத்திருப்பதில்லை. இயக்கும் ஒவ்வொரு முறையும் கணினி அதை அனுப்ப வேண்டும். எச்பி அச்சுப்பொறிகளுக்கான எச்பிலிப் கருவியுடன் அதற்குரிய கூடுதல் செருகுநிரலையும் இறக்கி நிறுவினால்தான் இது நடக்கும். எச்பிலிப் இற்றைப்படுத்தப்பட்டுச் செருகுநிரல் பழையதாகவே இருந்தாலும் இதே மௌனம். கெனனின் எல்பிபி 2900 வகைக்குக் கேப்ட் என்ற தனி இயக்கி தேவை. அதை அமைக்கப் பொறுமை வேண்டும், முதல் நாளிலேயே தொடங்காதீர்கள்.

நேற்று வரை அச்சிட்டது இன்று அச்சிடவில்லை என்றால் வரிசையைத் திறந்து பாருங்கள். அச்சிடும் நடுவில் மின்சாரம் போனால் வரிசை இடைநிறுத்தத்துக்குப் போய்விடும். மின்சாரம் வந்த பின்னும் தானாக மீளாது. மீளத் தொடங்கு என்ற ஒரு சொடுக்கு போதும்.

அறிகுறி: எல்லாம் வேலை செய்கிறது, ஆனால் ஆமை வேகம்

4 ஜிபி நினைவகத்தில் மின்டின் வழக்கமான சினமன் பதிப்பும் பத்து உலாவித் தத்தல்களும் ஒன்றாக ஓடமாட்டா. குறைந்த நினைவகம் கேட்கும் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை நிறுவுங்கள். சுழலும் பழைய வன்வட்டை எஸ்எஸ்டி ஆக மாற்றுவது மற்றெல்லா வித்தைகளையும் விடப் பெரிய பலன் தரும். இணையத்திற் கிடைக்கும் வேகமூட்டும் கட்டளைகளை நான் யாருக்கும் சொல்வதில்லை.

அறிகுறி: மின்வெட்டுக்குப் பின் கறுப்புத் திரையில் "இனிட்ராம்எஃப்எஸ்"

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் இல்லாதிருந்ததையும், 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி முழுத் தீவும் ஒரே நேரத்தில் இருண்டதையும் பார்த்த ஊர் இது. மேசைக் கணினிக்கும், மின்கலம் செத்த மடிக்கணினிக்கும் இவ்வறிகுறி எப்போதாவது வரும். லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 கோப்பமைப்பு தன் மாற்றங்களைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே போவதால் பெரும்பாலும் தானாகவே சீர்செய்துகொள்ளும். முடியாதபோது அடைப்புக்குறிக்குள் இனிட்ராம்எஃப்எஸ் என்று காட்டி, கட்டளைக்காகக் காத்து நிற்கும். கணினி செத்துவிட்டது என்று பலர் எண்ணுவது இந்த இடத்தில்தான்.

அந்த வரிக்குச் சற்று மேலே பாருங்கள். ஒரு வட்டுப் பிரிவின் பெயரும், வட்டைச் சோதித்துத் திருத்தும் எஃப்எஸ்சிகே கட்டளையைக் கையால் இயக்குமாறு ஓர் அறிவுறுத்தலும் இருக்கும். பெயர் பெரும்பாலும் சாய்கோடு, டெவ், சாய்கோடு, எஸ்டிஏ2 என்பது போல அமையும். எஃப், எஸ், சி, கே என்ற நான்கு எழுத்துகள், ஓர் இடைவெளி, சிறுகோட்டுடன் ஆங்கில "வை", ஓர் இடைவெளி, அதன்பின் திரையில் உள்ளபடியே அந்தப் பெயர். இதைத் தட்டி என்டரை அழுத்தினால் வரிகள் ஓடும். ஓடி முடியும் வரை கை வைக்காதீர்கள். முடிந்ததும் "ரீபூட்" என்று தட்டினால் வழக்கமான திரை வந்துவிடும்.

இற்றைப்படுத்தல் நடக்கும்போது மின்சாரம் போயிருந்தால், அடுத்த முறை எதையும் நிறுவ முடியாமல், மென்பொருள் பொதிகளை நிறுவும் "டிபிகேஜி" இடையில் நின்றுவிட்டது என்ற செய்தி வரும். முனையத்தில் "சூடோ டிபிகேஜி", பின் இரட்டைச் சிறுகோட்டுடன் "கொன்ஃபிகர்", பின் ஒற்றைச் சிறுகோட்டுடன் "ஏ" என்று இட்டால் விட்ட இடத்திலிருந்து தொடரும். செய்தியிலேயே அந்தக் கட்டளை எழுத்துக்கு எழுத்து இருக்கும். பார்த்தபடி தட்டினாற் போதும். இன்னொரு நிரல் பாவனையில் உள்ளதாகப் பூட்டு பற்றிய செய்தி வந்தால், பூட்டுக் கோப்பை அழிக்கச் சொல்லும் ஆலோசனையைக் கேளாமல் பத்து நிமிடம் பொறுங்கள். பின்னணியில் இற்றைப்படுத்தல் ஓடிக்கொண்டிருக்கும்.

மின்வெட்டு எதுவும் இல்லாமலே இனிட்ராம்எஃப்எஸ் திரை திரும்பத் திரும்ப வருமானால், கோப்பமைப்பை விட்டு வட்டைச் சந்தேகியுங்கள். பென் டிரைவிலிருந்து துவங்கி, வட்டுகள் என்ற கருவியில் வட்டின் உடல்நிலையைக் காட்டும் ஸ்மார்ட் தரவைத் திறந்து, பழுதாகி மறு ஒதுக்கீடு செய்யப்பட்ட செக்டர் என்ற சிறு துண்டுகளின் எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டு, இரண்டு நாளின் பின் மீண்டும் பாருங்கள். எண் ஏறியிருந்தால் வட்டு போய்க்கொண்டிருக்கிறது. அதன்மேல் எஃப்எஸ்சிகேயை ஓட்டாமல், முதலில் படங்களையும் பின்பு ஆவணங்களையும் வெளிவட்டுக்கு நகலெடுத்து, புதிய வட்டைப் பொருத்தி அதில் மின்டை நிறுவுங்கள். மேற்சொன்ன ஏழு கணினிகளில் மீண்டும் நிறுவ நேர்ந்தது இந்தக் காரணத்தால், ஒரு கணினியில் மட்டுமே.